எண்பதுக்கு நாற்பத்தைந்து

முதல் கிழமை நீங்கள் கண்ணில் பட்ட எல்லாருக்கும் அறுபது போடுவீர்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த மேசையில் வந்து உட்கார்ந்த எங்கட பிள்ளைகளில் ஒருவர்கூட அதைச் செய்யாமல் விட்டதில்லை. ஒரு ஆட்டக்காரனுக்கு நாற்பத்தைந்து என்று எழுதக் கை கூசும். யாரோ பெற்ற பிள்ளைக்கு நான் ஏன் பெயில் போடவேண்டும் என்று மனம் கேட்கும். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எந்தப் பொத்தானை அமத்துவது, எதை எங்கே சேமிப்பது என்பதையெல்லாம் தேவிகா உங்களுக்குக் காட்டித் தருவா. எனக்கு அது ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை.

வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்லுவது என்று போன கிழமை உங்களில் ஒருவர் கேட்டார். நான் இப்படித்தான் சொல்லி வந்தேன். அமெரிக்காவில் பேஸ்போலுக்கு ஒரு பெரிய லீக் இருக்கிறது. அதற்குக் கீழே ஏணிப்படி மாதிரிச் சின்ன லீக்குகள். ஒவ்வொரு கிளப்பும் தன் இளம் ஆட்டக்காரரை அந்தப் படிகளில் ஏற்றி இறக்கி வைத்திருக்கும். மேலே போய்ச் சேருகிறவர்கள் கொஞ்சப்பேர். மற்றவர்கள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விளையாடி, ஒருநாள் அலுவலகத்துக்குக் கூப்பிடப்பட்டு, கை குலுக்கப்பட்டு, வீட்டுக்குப் போகிறவர்கள். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லுவது எங்கள் தொழில்.

அதை ஏன் லண்டனில் இருந்து செய்ய வேண்டும்? அங்கே இரவு ஆட்டம் முடிந்து எல்லாரும் படுக்கப் போகிற நேரம் இங்கே விடிகிறது. நாங்கள் காலமை ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் பல் டாக்டரின் கடைக்கு மேல்மாடியில் ஏறி, கீழே பல் ராவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீடியோ பார்ப்போம். அவர்கள் எழும்பிக் கோப்பி ஊற்ற முன்னம் எங்கள் அறிக்கை அங்கே போய்விடும். சூரியன் எங்கள் பக்கம் முதல் வருகிறதால் எங்களுக்குச் சோறு.

என்னை இந்த வேலைக்கு எடுத்தவர் எங்கள் மேலாளர், ஒரு வெள்ளைக்காரர். நான் அப்போது பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட பழைய மாணவர் சங்கங்களின் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றேன். மனிதர் நாயோடு நடக்க வந்து, நின்று, மத்தியானம் வரை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இவ்வளவு மெதுவான ஒன்றைப் பார்த்துக்கொண்டு நீங்கள் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. அதற்கு நான் சம்பளம் தருவேன்" என்றார். எனக்கு பேஸ்போலில் ஒரு எழுத்தும் தெரியாது என்றேன். "நல்லது. தெரிந்தவர்கள் பார்க்கமாட்டார்கள், ஞாபகத்தில் இருந்து சொல்லுவார்கள்" என்றார். அவருடைய வாயில் இப்படித்தான் வரும். பேர் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டதால் இங்கேயும் மேலாளர் என்றே வைத்துக்கொள்ளுகிறேன்.

கிரிக்கெட் கண்ணால் நாங்கள் பார்த்த பார்வைகள் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு அடிகாரன் வருகிற பந்தையெல்லாம் தட்டித் தட்டி வெளியே விட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நின்றால் எங்களுக்குப் புல்லரிக்கும். "விக்கெட்டைக் காப்பாற்றுகிறான்" என்று நான் எழுதினேன். மேலாளர் வந்து, திரையில் அவனுக்குப் பின்னால் விரலை வைத்து, "எந்த விக்கெட்டை?" என்று கேட்டார். அங்கே ஒன்றும் இல்லை. புல்லுத்தான் இருந்தது.

ஆனால் எண்தான் பெரிய கரைச்சல். இந்தத் தொழிலில் மார்க் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஐம்பது என்றால் நடுத்தரம். என்ன நடுத்தரம்? பெரிய லீக்கில் நாளாந்தம் விளையாடுகிற ஆட்களுக்குள் நடுத்தரம். அதாவது உலகத்திலேயே அந்த வேலையைச் செய்யக்கூடிய சில நூறு பேருக்குள் ஒருவன். ஐம்பது எடுக்கிறவன் வீடு வாங்கி, அம்மாவுக்கும் வீடு வாங்கிக் கொடுப்பான். அதைக் காதால் கேட்டும் எங்களுக்கு உள்ளே இறங்கவில்லை. ஐம்பது எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லாருக்கும் அறுபது, அறுபத்தைந்து என்று அள்ளிப் போட்டோம். ஒருநாள் அங்கேயிருந்து ஒருவர் போன் எடுத்து, லண்டனில் பார்க்கிறபோது மட்டும் தங்கள் பையன்கள் எல்லாரும் ஏன் சாம்பியன்களாகத் தெரிகிறார்கள் என்று கேட்டாராம்.

மேலாளர் ஏசவில்லை. என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து, "உன் குடும்ப வைத்தியருக்கு நூறுக்கு எத்தனை போடுவாய்?" என்றார். தொண்ணூறு என்றேன். "எங்கள் அளவில் அவர் ஐம்பது. இந்த நாட்டில் அவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், நீ உயிரோடு இருக்கிறாய். அவரை நான் அவமானப்படுத்திவிட்டேனா?" இல்லை என்றேன். "ஐம்பது என்றால் நாளைக்கும் வேலைக்குக் கூப்பிடப்படுகிற ஆள். அவ்வளவுதான்" என்றுவிட்டுப் போனார்.

தேவிகா அப்போது புதிது. மலேசியாவில் இருந்து இங்கே புள்ளிவிபரம் படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே நின்றுவிட்டவ. மேலாளர் போனபிறகு என் பக்கம் சாய்ந்து, "அங்கிள், எங்க வீட்டுல ஐம்பது வாங்கினா அப்பா நியூஸ்பேப்பரை மடிச்சு வச்சிடுவாரு. அந்த மடிக்கிற சத்தம் இன்னும் எனக்குக் கேக்குதுலா. அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் ஐம்பது போடப் பழகுனேன்" என்றா. பழகிவிட்டா. எங்கள் எல்லாரையும்விட அவவுடைய கைதான் நேரானது.

இன்னுமொரு வழக்கத்தை நீங்கள் இங்கே காண்பீர்கள். வீடியோவில் ஆட்டக்காரனின் பேர், இலக்கம், முகம் எல்லாவற்றிலும் சாம்பல் நிற மறைப்பு இருக்கும். பேரைப் பார்த்து மார்க் போடக்கூடாது என்பதற்காக. ஆனால் மறைப்பையும் தாண்டி யாரையாவது அடையாளம் பிடித்துவிட்டால் நீங்கள் எழும்பி, "நான் தேத்தண்ணி போடப் போறன்" என்று சொல்லவேண்டும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அந்த வீடியோ அடுத்த மேசைக்குப் போய்விடும். சும்மா தேத்தண்ணி தாகம் வந்தால் சொல்லாமல் போகவேண்டும். இது எழுதி வைத்த விதி அல்ல, ஆனால் எழுதி வைத்த விதிகளைவிட ஒழுங்காக நடந்த விதி.

நான் அந்தச் சொல்லைச் சொன்னது கஜன் விஷயத்தில்.

கஜனின் அம்மா சாந்திக்கு, தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், ட்ராம் தரிப்பிடத்துக்குக் கிட்ட ஒரு மூலைக்கடை. தகப்பன் என்னுடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் விளையாடினவர், இப்போது இல்லை. ஒருமுறை அவருடைய அணியில் ஆள் குறைய, பள்ளிக்கூடப் பையனாக இருந்த கஜனை எல்லைக்கோட்டில் நிறுத்தினார்கள். பந்து அவனிடம் போனது. அவன் இடக்கையால் எறிந்தது விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலால், என் தலைக்கும் மேலால் பறந்து, மற்றக் கரையில் தேத்தண்ணி மேசையில் விழுந்து கேத்திலை உடைத்தது. எல்லாரும் கேத்திலைப் பார்த்தார்கள். அவனுடைய பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் மட்டும் எறிந்த தூரத்தைப் பார்த்தார். அவர்தான் அவனைப் பேஸ்போல் விளையாடுகிற ஒரு பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். பிறகு அமெரிக்காவில் பல்கலைக்கழகம், பிறகு ஒரு கிளப், பிறகு அந்த ஏணிப்படிகள். பந்து எறிகிற வேலை அவனுக்கு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் மாதிரித்தான், ஆனால் ஓடி வருவதில்லை. மேட்டில் நின்று, நிலத்தில் குத்தாமல் எறியவேண்டும்.

ஒருநாள் காலமை ஒரு வீடியோ எனக்கு வந்தது. உயரமான இடக்கைக்காரன். முகம் இல்லை, பேர் இல்லை. இரண்டு பந்து எறிந்தான். மூன்றாவதுக்கு முன்னம் பந்தைத் தொடைப்பக்கம் கொண்டு போனான், துணியில் தொட முன்னம் கையை வெடுக்கென்று திருப்பினான். கிரிக்கெட் விளையாடினவனுக்குப் பந்தைக் காற்சட்டையில் தேய்க்காமல் எறியத் தெரியாது. பேஸ்போலில் தேய்த்தால் குற்றம். அந்தக் கை தொடங்கி, ஞாபகம் வந்து, பாதியில் நிற்கிறது. அந்த நாட்டில் அப்படி ஒரு கை வேறு யாருக்கு இருக்கப் போகிறது.

"நான் தேத்தண்ணி போடப் போறன்" என்றேன். தேவிகா திரும்பாமலே கையை நீட்டி வீடியோவைத் தன் பக்கம் எடுத்தா. நான் போய் உண்மையாகவே தேத்தண்ணி போட்டேன். அவ என்ன எழுதினா என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு சில கிழமை கழித்து, சனிக்கிழமை, சாந்தியின் கடைக்குப் பால் வாங்கப் போனேன். அவ கடையின் பின்பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்தா.

"அண்ணை, ஒரு விசயம் கேக்கோணும். பிழையா எடுக்காதேங்கோ."

"கேளும்."

"எண்பதுக்கு நாப்பத்தைஞ்சு எண்டா பெயில்தானே?"

எடுத்த பாலைக் கவுண்டரில் வைத்தேன். அவ தொடர்ந்தா. "கஜன் போன் எடுத்தவன். கிளப்பில கூப்பிட்டுக் கதைச்சவையாம், அவனுக்கு நாப்பத்தைஞ்சாம். நான் கல்குலேட்டரில போட்டுப் பாத்தன். நூறுக்கு ஐம்பத்தாறு வருது. அண்ணை, அவன் சின்னனில ஒருநாளும் ஐம்பத்தாறு எடுக்கேல்லை."

"எடுத்திருப்பான். உம்மட அவர் ஒளிச்சு வைச்சிருப்பார்."

அவ சிரிக்கவில்லை. "நான் சொல்லிப்போட்டன், பரவாயில்லை தம்பி, நீ வா, கடை இருக்கு எண்டு. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னான், ஓகே அம்மா, உங்களுக்குத் தேவையெண்டா வாறன் எண்டு. அவனுக்கும் விளங்கீட்டுது போல. வெள்ளிக்கிழமை லோயரிட்டப் போறன், கடை லீஸ் புதுப்பிக்க. அவன்ர பேரையும் போடச் சொல்லியிருக்கிறன். அதுக்கு முன்னம் அவன் கிளப்புக்குச் சொல்லிப்போடுவன் எண்டவன், தான் விலகிறன் எண்டு."

"லீஸை விட்டா?"

"பக்கத்தில கோழிப்பொரியல்காரன் வாயைத் திறந்துகொண்டு நிக்கிறான். விட்டா கடை போச்சு."

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். உங்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். பெயில் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்த முதல் காரியமும் அதுதான். "சாந்தி, இது பெயில் இல்லை" என்றேன்.

அவவுடைய முகம் மாறிய விதத்தைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்தது. "அப்ப பாஸோ? வருவானோ பெரிய லீக்குக்கு? லீஸில அவனைப் போடத் தேவையில்லையோ?" என்று மூன்று கேள்வியும் ஒரே மூச்சில் வந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னம் என் வாயில் இருந்து வந்த ஒரு சொல்லை வைத்து அவ ஒரு வீடே கட்டிவிட்டா. பல வருஷமாக நான் முகம் தெரியாத பிள்ளைகளைப் பற்றி முகம் தெரியாத ஆட்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவன். அந்த எண்கள் போய் விழுகிற இடத்தில் ஒரு பால் பெட்டியும் ஒரு தாயும் இருப்பார்கள் என்று யோசித்ததில்லை.

"எனக்குப் புதன்கிழமை வரைக்கும் தவணை தாரும்" என்றேன். "கஜனிட்ட இப்ப ஒண்டும் சொல்லாதேயும்." பாலை மறந்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை தேவிகாவின் மேசைக்குப் போனேன். வாய் திறக்க முன்னம் அவ சொன்னா, "கேக்காதீங்க அங்கிள்."

"நான் ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை."

"உங்க முகம் கேக்குது. நீங்க டீ போடப் போனீங்க, நான் பார்த்தேன், முடிஞ்சது. அது நான் போட்ட நம்பரா, வேற யாராச்சும் போட்ட நம்பரான்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். எனக்கு வேற ஒண்டு தேவை. ஆரோ ஒரு இடக்கைக்காரன், பேர் இல்லை, ஊர் இல்லை, பந்து எறியிறவன், நாப்பத்தைஞ்சு. அதைக் கடையில நிக்கிற ஒரு தாய்க்கு ஒரு வசனத்தில சொல்லு பாப்பம்."

அவ பேனையை வைத்தா. பிறகு கதிரையைத் திருப்பினா. "பெரிய லீக்கின் விளிம்பில் பயன்படக்கூடிய மாற்றுப் பந்துவீச்சாளர்."

"அந்தத் தாய் கடையைப் பூட்டிப்போட்டு ஓடிடுவா."

"சரி. ரொம்பத் திறமையான பையன், நல்ல எதிர்காலம் இருக்கு."

"இது கலியாணத் தரகர் சொல்லுறது."

அவவுக்குக் கோபம் வந்தது. "அங்கிள், நீங்களே சொல்லுங்க. எத்தனை வருஷமா நாப்பத்தைஞ்சு எழுதுறீங்க?"

எனக்கும் வரவில்லை. இரண்டு பேரும் அந்த எண்ணை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறோம். சொல்லாக ஒருதரமும் சொல்லிப் பார்த்ததில்லை. கீழே பல் டாக்டர் ராவிக்கொண்டிருந்தார். கடைசியில் தேவிகா திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னா. "மேல ஒருத்தருக்குக் கை வலிச்சா, அன்னைக்குக் கூப்பிடுறதுக்கு ஒரு வரிசை வச்சிருப்பாங்க. அந்த வரிசையில இவரும் நிக்கிறாரு."

"கூப்பிடுவினமோ?"

"அது வரிசையில நிக்கிறவங்களுக்கே தெரியாது. நிறையப் பேரைக் கூப்பிடுறதில்லை."

பின்னால் ஒரு செருமல் கேட்டது. மேலாளர் நின்றார். எங்கள் தமிழ் அவருக்கு விளங்காது, ஆனால் எங்கள் முகங்கள் விளங்கியிருக்கும். தேவிகா அவருக்கு மொழிபெயர்த்தா. "கடைசியாகச் சொன்னதையும் சேர்" என்றார். அவர் என்னிடம் சொன்னது இதுதான். "கோப்பில் என்ன இருக்கிறது என்று நீ யாருக்கும் சொல்லக்கூடாது. ஒரு அளவுகோலை வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் உன் எண்ணைக் கேட்பார்கள். அதைக் கொடுக்காதே." இரண்டு அடி போய்த் திரும்பி, "கொடுக்க ஆசையாக இருக்கும்" என்றார்.

புதன்கிழமை பின்னேரம் மிச்சத்துக்குப் போனேன். கடையில் ஒரு கிழவர் வீட்டுக் கரண்ட் மீற்றருக்குப் போடுகிற கீயில் காசு ஏற்றிக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை பார்சல் எடுக்க வந்து நின்றது. சாந்தி எல்லாரையும் கவனித்துக்கொண்டு, "சொல்லுங்கோ அண்ணை, காது இஞ்சதான் இருக்கு" என்றா.

சொன்னேன். அந்த எண் இருபதில் தொடங்குகிறது, பூச்சியத்தில் அல்ல, கல்குலேட்டரை உள்ளே வையும் என்றேன். ஐம்பது என்றால் என்ன என்று சொன்னேன். பிறகு தேவிகாவின் வசனத்தை, அதன் வாலையும் சேர்த்து, அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவ கிழவருக்குக் கீயைக் கொடுத்து, அவர் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றா. "அப்ப அவன் கதவடியில நிக்கிறான்."

"ஓம்."

"உள்ளுக்கும் இல்லை, வெளியிலயும் இல்லை."

"ஓம்."

"அண்ணை, நீங்கள் எத்தினை போடுவியள்?"

கொடுக்க ஆசையாகத்தான் இருந்தது. நான் ஒரு எண்ணைச் சொன்னால் அவ அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. அது நல்ல எண்ணாக இருந்தால் நன்றி எனக்கு, பழியும் எனக்கு. இரண்டையும் நான் தாங்குவேன். ஆனால் லீஸும் அவவுடையது, பிள்ளையும் அவவுடையது.

"கேத்தில் உடைச்ச நாளில இருந்து எனக்கு அவனைத் தெரியும் சாந்தி. தெரிஞ்ச ஆளுக்கு நான் போடுற எண்ணில ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். அவன் தனக்கு விளங்கீட்டுது எண்டா சொன்னவன்? இல்லையே. உங்களுக்குத் தேவையெண்டா வாறன் எண்டெல்லோ சொன்னவன்."

அவ என்னைப் பார்த்தா. பிறகு கவுண்டருக்குக் கீழே இருந்த போனை எடுத்தா. அங்கே காலமை. பார்சல் பிள்ளை போகாமல் நின்றது, நானும் போகச் சொல்லவில்லை. அவ சத்தத்தைக் கூட்டி வைத்தா.

"அம்மா? யூ ஓகே?"

"நான் ஓகே. நீ ஏன்ரா வாறன் எண்டனி?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க. ஷொப்ல ஆள் இல்ல, உங்களுக்கு ஏலாதாக்கும் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஏலாது எண்டு ஆர் சொன்னது? நீ பெயில் எண்டு நினைச்சுத்தான் நான் வரச் சொன்னனான்."

"பெயிலா? அம்மா, ஃபோர்ட்டி ஃபைவ் இஸ் குட். நான் ஹப்பியாத்தானே சொன்னன்."

சாந்தி தலையில் கை வைத்தா. பார்சல் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தாய் பிள்ளைக்காகப் பிள்ளையைக் கூப்பிட, பிள்ளை தாய்க்காக வர, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல எண்ணைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள். எங்கட ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை இது. வேறு யாரும் ஒரு எண்ணைக் கேட்டவுடன் ஆறுதல் சொல்லத் தொடங்கமாட்டார்கள்.

ஆனால் அவ அதோடு விடவில்லை. "சரி, குட். குட் எண்டா மேல போவியோ?"

அந்தப் பக்கம் எங்கேயோ பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. "தெரியாது அம்மா" என்றான். அதைத் தமிழில்தான் சொன்னான்.

பல மதிப்பீட்டாளர்களோடு வேலை செய்திருக்கிறேன். தன்னைப் பற்றி இவ்வளவு சரியாக ஒரு ஆட்டக்காரன் சொல்லி நான் கேட்டதில்லை.

"தெரியாட்டி நில்" என்றா சாந்தி. "தெரிஞ்சாப் பிறகு வா. கடைக்கு இப்ப ஆள் தேவையில்லை." போனை வைத்துவிட்டு, பார்சல் பிள்ளையிடம், "உனக்கென்ன, கையெழுத்துப் போட்டிட்டுப் போ" என்றா. வெள்ளிக்கிழமை லீஸில் தன்னுடைய பேரை மட்டும் போட்டா. கோழிப்பொரியல்காரர் கொஞ்சநாள் அவவோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் அறிக்கைகளில் எண்ணுக்குக் கீழே ஒரு வசனம் எழுதும் வழக்கம் வந்தது. தேவிகாதான் தொடங்கினா. கடையில் நிற்கிற ஒரு தாய்க்கு விளங்கவேண்டும், அந்தத் தாய் அதைக் கேட்டு ஏமாறவும் கூடாது, இடிந்து போகவும் கூடாது. எழுதிப் பாருங்கள், வீடியோ பார்க்கிறதைவிடக் கஷ்டம். வசனம் வராவிட்டால் நீங்கள் போட்ட எண் பிழை என்று அர்த்தம். எண்ணை மாற்றுங்கள், அல்லது திரும்பப் போய்ப் பாருங்கள். அறுபது போட்டுவிட்டு அதற்குக் கீழே வசனம் எழுதப் போகும்போதுதான் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். என்னுடைய கூச்சம் அப்படித்தான் போனது. முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் இருக்கட்டும்.

கஜனைப் பற்றிக் கேட்பீர்கள். மேலே ஒருத்தருக்குக் கை நொந்தது, கூப்பிட்டார்கள். கொஞ்சநாள் வைத்திருந்துவிட்டுக் கீழே அனுப்பினார்கள். இன்னொருமுறை கூப்பிட்டார்கள், அனுப்பினார்கள். இதை எழுதுகிறபோது கீழே இருக்கிறான். நாற்பத்தைந்து என்று யார் எழுதியிருந்தாலும், அவர் சரியாக எழுதியிருக்கிறார்.

முதல்தரம் கூப்பிட்டபோது அங்கே ஞாயிறு மத்தியான ஆட்டம், இங்கே பின்னேரம். நான் அதற்குள் வேலையை விட்டு நின்றுவிட்டேன். சாந்தி கடையில் சிகரெட் அலுமாரிக்கு மேலே ஒரு டிவியை ஏற்றி வைத்திருந்தா. கரண்ட் கீ கிழவர், பார்சல் பிள்ளை, மாலைக் கடைசி நேரத்தில் பாண் வாங்க வந்து நின்றுவிட்ட ஒரு எங்கட ஆள் என்று நாலைந்து பேர். கனநேரம் கஜன் ஒரு வேலிக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்தான். சாந்தி சாமான் அடுக்கிக்கொண்டே இருந்தா, அடுக்கினதையே திரும்ப அடுக்கினா.

பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். மேட்டில் ஏறினான். இந்தமுறை மறைப்பு ஒன்றும் இல்லை, முகம் தெரிந்தது, முதுகில் பேர் தெரிந்தது. பந்தை வாங்கினான். கை தொடைப்பக்கம் போனது, நின்றது, திரும்பியது.

பாண் வாங்க வந்தவர் கேட்டார், "உங்கட பெடியனோ? எப்பிடி, கெட்டிக்காரனோ?"

"நாப்பத்தைஞ்சு" என்றா சாந்தி. "எண்பதுக்கு."

"ஐயோ, நாப்பத்தைஞ்சோ. பரவாயில்லை அக்கா."

"பரவாயில்லை இல்லை. பாணை வையும், சொல்லுறன்" என்று அவ கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தா. அந்த மனிதர் தப்பிக்க வழி பார்த்து என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் இந்த வேலைதானே செய்தனீங்கள் எண்டு சொன்னவை. நீங்கள் எத்தினை போடுவியள்?"

திரையில் அவன் முதல் பந்தை எறியக் கையைத் தூக்கிவிட்டான்.

"நான் தேத்தண்ணி போடப் போறன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.